கருவியில் ஏறிய காந்தம்

தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். அரத்தால் இரும்பை ராவினால் தூள் கீழே உதிராமல் அரத்தின் பல்லிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய தூள் அடுத்த வேலையைக் கீறிக் கெடுக்கும். வாயால் ஊதினால் கண்ணில் விழும். அரத்தில் காந்தம் ஏறிவிட்டது என்பதே இதற்குக் காரணம். ஒலிபெருக்கிக் காந்தத்தையோ மோட்டார் சைக்கிளின் மேக்னெட்டோவையோ கருவி தொட்டிருந்தால் போதும். கெட்டியான எஃகு, ஏறிய காந்தத்தை எளிதில் விடுவதில்லை. அதை நீக்க மனிதன் கண்ட வழிகளை இன்று பார்ப்போம்.

முதல் வழி நெருப்பு. இரும்பும் நெருப்பும் நம் கெடாவுக்குப் புதியவை அல்ல. 1025இல் இராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இதுதான். மெர்போக் அருகே சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்து, பழைய இரும்பு உலைகளையும் காற்று ஊதும் களிமண் குழாய்களையும் கண்டெடுத்தார்கள். நாம் செம்பனை பார்க்கும் மண்ணுக்கடியில் கொல்லர்களின் உலகம் ஒன்று புதைந்து கிடந்தது.

செந்தணலில் காய்ந்த இரும்பு காந்தத்தை இழக்கும் என்பதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் தம் நூலில் எழுதினார். அதே இரும்பை வடக்கு தெற்காக வைத்து அடித்து ஆறவிட்டால் மீண்டும் காந்தம் ஏறும் என்றும் காட்டினார். 1895இல் பிரான்சின் பியர் கியூரி இதை அளந்து ஆராய்ந்தார். இரும்புக்குச் சுமார் 770 டிகிரி வெப்பம் வேண்டும். ஆனால் அரத்தை அவ்வளவு காய்ச்சினால் பதம் போய்விடும். காந்தம் நீங்கும், அரமும் பாழாகும்.

இரண்டாவது வழி மின்சாரம். மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்பதை 1820இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் கண்டார். இரண்டாம் உலகப் போரில், 1939இல், ஜெர்மானியரின் காந்தக் கண்ணிவெடிகள் கப்பல்களைத் தகர்த்தன. பிரிட்டிஷார் கப்பலைச் சுற்றிக் கம்பிவடம் கட்டி, மின்சாரம் செலுத்தி, அதன் காந்தத்தை அடக்கினார்கள். அந்த முறைக்கு ‘டீகாஸிங்’ என்று பெயர். காஸ் என்பவர் ஜெர்மானிய அறிஞர்!

பட்டறைக்கு ஏற்றது மாறுதிசை மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே கம்பிச் சுருளின் காந்தம் வினாடிக்கு 100 முறை திசை மாறும். கருவியைச் சுருளுக்குள் வைத்து மெல்ல வெளியே இழுத்தால், ஒவ்வொரு மாற்றமும் முந்தியதைவிடச் சிறிதாகி, கடைசியில் ஏதும் மிஞ்சாது.

இதை நாமே செய்யலாம். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குழாயில், 5 சென்டிமீட்டர் நீளத்துக்குள், அரை மில்லிமீட்டர் எனாமல் கம்பியை 500 சுற்றுச் சுற்றி, மேலே நாடாவால் கட்ட வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் மாறுதிசை முனைகளில், ஃப்யூஸ் வைத்து இணைக்க வேண்டும். சுவர் பிளக்கில் நேரே செருகக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. கார் பேட்டரியும் கூடாது. அதன் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதால் காந்தம் நீங்காது, இன்னும் ஏறும்.

சுருளுக்குள் கருவியை நுழைத்து, சுவிட்சைப் போட்டு, ஒரு கை நீளம் வரை மெல்ல இழுங்கள். கருவி தூரம் போன பிறகே சுவிட்சை அணையுங்கள். உள்ளே இருக்கும்போது அணைத்தால் காந்தம் மீண்டும் நின்றுவிடும். சில வினாடிகளுக்கு மேல் வேண்டாம், சுருள் சுடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வரக் கூடாது.

பிறகு ஒரு சிறு ஊசியை அரத்தருகே பிடித்துப் பாருங்கள். ஒட்டவில்லையா? நெருப்பால் முடியாததைப் பொறுமை செய்துவிட்டது என்று பொருள்.