ஆழ்கடல் தரை ஆட்சி

எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடல்தரையையும் அதன் கனிமங்களையும் நாடுகள் கூட்டாக நிர்வகிக்கும் முறை. ‘மனிதகுலத்தின் பொதுச் சொத்து’ என்னும் கோட்பாடு இதன் அடிப்படை.

கடல் எவருக்கும் உடைமையன்று என 1609இல் டச்சு அறிஞர் குரோசியஸ் வாதிட்டார்; உடைமையாக்கலாம் என 1635இல் இங்கிலாந்தின் ஜான் செல்டன் மறுத்தார். காலப்போக்கில் குரோசியஸின் கருத்தே நிலைபெற்றது. ஆனால் அவர் காத்த சுதந்திரம் கப்பலுக்கும் வலைக்கும் உரியது. நாலாயிரம் மீட்டருக்கும் கீழே சிதறிக் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளில் நிக்கல், செம்பு, கோபால்ட் உண்டு. அவற்றின் மீது நிறுவனங்களின் பார்வை விழுந்ததும், வசதி படைத்தவர் அள்ளிக்கொள்ளும் உரிமையாக அந்தச் சுதந்திரம் திரியும் நிலை வந்தது.

1967 நவம்பர் 1 அன்று ஐ.நா.வில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ இந்த ஆபத்தை எடுத்துரைத்து, கடல்தரையை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக்க வேண்டும் என்றார். 1970இல் பொதுச்சபை அவர் கோட்பாட்டை ஏற்றது. 1973இல் தொடங்கிய கடல் சட்ட மாநாட்டுக்கு இலங்கையின் ஷெர்லி அமரசிங்க தலைமை வகித்தார். 1980இல் அவர் மறைந்தபின் சிங்கப்பூரின் டாமி கோ பொறுப்பேற்றார்.

சர்வதேச அமைப்பே கனிமம் எடுக்கட்டும் என்றன வளரும் நாடுகள். நிறுவனங்களுக்கு உரிமம் போதும் என்றன தொழில்வள நாடுகள். மாநாடு கண்ட வழி நுட்பமானது. விண்ணப்பிப்பவர் சம மதிப்புள்ள இரு பகுதிகளைக் காட்ட வேண்டும். ஒன்று அவருக்கு, மற்றொன்று இதற்கென அமையும் சர்வதேசக் கடல்தரை ஆணையத்துக்கு; எது தனக்கு என்பதை ஆணையம் தீர்மானிக்கும். ஒருவர் பாகம் பிரிக்க, மற்றவர் தேர்ந்தெடுக்கும் பழைய நியாயம் இது.

1982இல் கடல் சட்ட உடன்படிக்கை நிறைவேறியபோது அமெரிக்கா எதிர்த்து வாக்களித்தது. அதன் மறுப்புகளைத் தணிக்க 1994 ஒப்பந்தம் உடன்படிக்கையிலிருந்த கட்டாயத் தொழில்நுட்பப் பகிர்வைக் கைவிட்டது. வல்லரசின் விருப்பமே சட்டமாகிறது என்னும் யதார்த்தவாதக் கோட்பாட்டுக்கு இதைச் சான்று காட்டலாம். ஆனால் அமெரிக்கா இன்றும் உடன்படிக்கையில் சேரவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆணையம் 1994 முதல் இயங்குகிறது. மேலாதிக்க நாடு இன்றியும் கூட்டு விதிகள் நிலைக்கும் என 1984இல் அரசியல் அறிஞர் ராபர்ட் கியோஹேன் எழுதியதே இங்குப் பொருந்துகிறது.

1987இல் முன்னோடி முதலீட்டாளராகப் பதிவுபெற்ற இந்தியாவிடம் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. ஆய்வுப் பகுதி உள்ளது. அதற்கான கருவிகளைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குகிறது. ஆணையம் இதுவரை ஆய்வுக்கு மட்டுமே ஒப்பந்தம் வழங்கியுள்ளது. வணிக அளவில் கனிமம் எடுப்பதற்கான விதிகள் 2025 முடியும்வரை நிறைவேறவில்லை.