பதினான்காம் துண்டு

நம் ஏழாம் குரோமோசோமில் மெட் என்றொரு மரபணு இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,25,000 எழுத்துகள். நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் நிமிடத்துக்கு 2,000 எழுத்து வேகத்தில் படித்துக்கொண்டு போனாலும், முழு ஆர்.என்.ஏ. நகல் வெளிவர ஒரு மணி நேரம் பிடிக்கும். இத்தனை பாடுபட்டு எடுத்த நகலில் பெரும்பகுதி உட்கருவைத் தாண்டுவதில்லை. 20 இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, 21 எக்ஸான்களை ஒட்டிய பிறகு மிஞ்சுவது ஏழாயிரத்துக்கும் குறைவான எழுத்துகள்தான்.

ஸ்பிளைசிங் எனப்படும் இப்படி ஒரு வெட்டும் ஒட்டும் நடக்கிறது என்பதே 1977 வரை யாருக்கும் தெரியாது. ஃபிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் அடினோவைரஸில் அதைக் கண்டார்கள். இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படமாகப் பிடித்த லூயிஸ் சௌ, சூசன் பெர்கெட் ஆகியோருக்கு அதில் பங்கில்லை, இருந்திருக்க வேண்டும்.

மெட் நகலின் பதினான்காம் எக்ஸான் 141 எழுத்துகள் கொண்ட சிறிய துண்டு. ஸ்பிளைசிங் இயந்திரம் அதன் இரு எல்லைகளையும் சில அடையாளங்களை வைத்தே கண்டுபிடிக்கிறது. முன் எல்லையில் யு, சி எழுத்துகள் மிகுந்த ஒரு நெடும் பட்டை. அதற்குச் சற்று முன்னே, வளையம் கட்டுவதற்கான ஓர் ‘ஏ’. பின் எல்லையில், அடுத்த இன்ட்ரானின் முதலிரண்டு எழுத்துகளான ஜி, யு. பட்டையில் யு2ஏஎஃப் புரதம் அமர்கிறது, பின் எல்லையில் யு1 அமர்கிறது. இரண்டும் அமர்ந்தால் துண்டு தப்பியது. நகல் முழுமையாக உட்கருவை விட்டு வெளியேறி ரைபோசோமுக்குப் போகும்.

அங்கே 141 எழுத்துகள் 47 அமினோ அமிலங்களாகின்றன. பிறந்த புரதம் செல்லின் மேற்படலத்தில் குத்திட்டு நிற்கும் ஓர் ஏற்பி. ஹெச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வந்து தொட்டால், ‘வளர், நகர்’ என்று உள்ளே சேதி போகும். நம் 47 அமிலங்கள் படலத்துக்குச் சற்று உட்புறம் இருக்கின்றன. அவற்றில் 1003ஆம் இடத்து டைரோசின் முக்கியமானது. சேதி போனதும் சிபிஎல் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு, ஏற்பிக்கு யுபிக்விட்டின் முத்திரை குத்தும். முத்திரை விழுந்த ஏற்பி உள்ளிழுக்கப்பட்டு லைசோசோமில் கரைந்துபோகும்.

நுரையீரல் செல் ஒன்றில் அந்தப் பட்டை கொஞ்சம் அழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அல்லது ஜி-யு இணையில் ஒன்று மாறிவிட்டது. அல்லது எக்ஸானின் கடைசி எழுத்தே மாறிவிட்டது. இயந்திரத்தின் கண்ணுக்குப் பதினான்காம் துண்டு தெரிவதில்லை. பதின்மூன்றைப் பதினைந்தோடு நேராக ஒட்டிவிடுகிறது. இன்ட்ரானோடு சேர்ந்து துண்டும் குப்பைக்குப் போகிறது.

141 மூன்றால் மீதமின்றி வகுபடும் எண். என் பார்வையில் இந்தக் கதையின் விபரீதம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 140 ஆக இருந்திருந்தால், வெட்டுக்குப் பின் வரும் ஒவ்வொரு மூன்றெழுத்தும் குலைந்து, உருப்படாத புரதம் பிறந்து மடிந்திருக்கும். வகுபடுவதால் மிச்சப் புரதம் அட்சரம் பிசகாமல் உருவாகிறது. ஹெச்.ஜி.எஃப்.ஐ வாங்கும் பகுதி சரி, சேதி சொல்லும் பகுதி சரி. சிபிஎல் பிடிக்க வேண்டிய இடம் மட்டும் இல்லை. விரலை எடுத்தாலும் நிற்காத காலிங் பெல் போல ஏற்பி அடித்துக்கொண்டே இருக்கிறது. மரபணு அதிகமாக நகலெடுக்கப்பட வேண்டியதில்லை. புரதம் அழியாமல் தங்குவதே போதும்.

1984இல் மெட் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஓர் எலும்புப் புற்றுநோய்ச் செல்வரிசையில், டி.பி.ஆர். என்ற வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட வடிவத்தில். அந்த வடிவத்திலும் பதினான்காம் துண்டு இல்லை. ஆனால் துண்டு விடுபடுவதே நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று ஜெனன்டெக் ஆய்வாளர்கள் காட்டியது 2006இல்தான். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுகளில் 3 முதல் 4 விழுக்காட்டில் இது காணப்படுகிறது. பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களிடம்.

2020 மார்ச்சில் ஜப்பான் டெபோடினிப் என்ற மருந்துக்கும், மே மாதத்தில் அமெரிக்கா கேப்மாடினிப் என்ற மருந்துக்கும் அனுமதி தந்தன. இரண்டும் ஸ்பிளைசிங்கைத் திருத்துவதில்லை. பிழையாகப் பிறந்த ஏற்பியின் சேதி சொல்லும் பகுதியை அடைக்கின்றன, அவ்வளவே. வேறு சிகிச்சை பெறாத 28 பேருக்குக் கேப்மாடினிப் கொடுத்துப் பார்த்ததில் 68 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. ஏற்கெனவே சிகிச்சை பெற்ற 69 பேரில் 41 விழுக்காடு. பிறகு பலரிடம் 1228, 1230ஆம் இடங்களில் அமினோ அமிலம் மாறி, மருந்து பிடிக்காமல் வழுக்கிவிடுகிறது.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல். துண்டை மறைக்கும் மாற்றங்கள் எல்லைகளைச் சுற்றி நூறு விதமாகச் சிதறிக் கிடக்கின்றன. டி.என்.ஏ. சோதனை அந்த இன்ட்ரான் ஓரங்களைப் படிக்காவிட்டால் தவறவிடும். ஆர்.என்.ஏ. சோதனைக்கு அந்தக் கவலை இல்லை: பதின்மூன்றும் பதினைந்தும் ஒட்டியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆனால் மெழுகில் பதித்து வைத்த பழைய திசுவில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், முடிந்த இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.