புதிய அரசின் முதல் நூறு நாட்கள்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தரும் பாடம்

புதிய அரசு பதவியேற்று நூறு நாட்கள் ஆனதும் ஆளுங்கட்சி ஒரு சாதனைப் பட்டியலை வெளியிடும். நிறைவேறாதவற்றைத் தொகுத்து எதிர்க்கட்சி வேறொரு பட்டியலை வெளியிடும். இரண்டுமே எண்ணிக்கையைத்தான் பேசும். பால் விலையில் மூன்று ரூபாய் குறைத்ததும் ஒன்று, தொழிலாளர் சட்டம் கொண்டுவருவதும் ஒன்று என்று எண்ணினால் அந்தக் கணக்கு அரசுக்குத்தான் வசதி. வாக்களித்த குடும்பத்துக்கு அதனால் பயன் குறைவு.

2021 மே மாதம் பதவியேற்ற திமுக அரசை எடுத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில் நின்று பார்த்தால் இது தெளிவாகப் புரியும். நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பகுதி இது. ஐடிஐ, டிப்ளமோ முடித்த ஆண் பிள்ளைகள் கார் கம்பெனிக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் செல்போன் கம்பெனிக்கும் போகிறார்கள்.

கையெழுத்தில் முடிந்தவை

2021 தேர்தலுக்கு திமுக வெளியிட்ட அறிக்கையில் 505 வாக்குறுதிகள் இருந்தன. மே 7 அன்று பதவியேற்ற மு.க. ஸ்டாலின் முதல் நாளிலேயே ஐந்து கோப்புகளில் கையெழுத்திட்டார். அரிசி அட்டை வைத்திருக்கும் சுமார் 2.07 கோடி குடும்பங்களுக்குக் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாயில் முதல் தவணையாக 2,000 ரூபாய், ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைச் செலவைக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்பது, தேர்தல் நேரத்தில் பெற்ற மனுக்களைத் தீர்க்க 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்ற துறை. இரண்டாவது தவணை 2,000 ரூபாய் ஜூன் மாதத்தில் கிடைத்தது.

முதல் கையெழுத்து தமிழ்நாட்டு அரசியலில் பழைய வழக்கம். 2006-ல் கருணாநிதி கிலோ அரிசி 2 ரூபாய் என்று கையெழுத்திட்டார். 2016-ல் ஜெயலலிதா பயிர்க்கடன் தள்ளுபடி, 100 யூனிட் இலவச மின்சாரம், 500 மதுக்கடைகள் மூடல் ஆகியவற்றில் கையெழுத்திட்டார். சட்டமன்றமோ டெல்லியோ குறுக்கே நிற்க முடியாத, ஓர் அரசாணையில் முடிகிற வேலைகளையே எல்லோரும் முதல் நாளுக்கு எடுத்து வைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதை வைத்து ஐந்தாண்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

பேருந்துப் பயணத்தையே பாருங்கள். குன்றத்தூரிலும் வாலாஜாபாத்திலும் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகும் பெண்களுக்கு அது மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். நல்ல திட்டம், உடனே பலன் தந்தது. ஆனால் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண் ஏறுவது கம்பெனி பஸ்சில். விடுமுறைக்குத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ போக அவள் ஏறும் வெளியூர்ப் பேருந்து இந்தத் திட்டத்தில் வராது.

பணம் வேண்டியவை

ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மாநிலத்தின் கடன் 5.7 லட்சம் கோடி, ஒரு குடும்பத்தின் தலையில் 2.63 லட்சம் ரூபாய் என்றது அது. ஆகஸ்ட் 13 அன்று வந்த திருத்திய பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. வாக்களித்தது 5 ரூபாய். டீசலுக்குச் சொன்ன 4 ரூபாய் குறையவில்லை. சமையல் எரிவாயுவுக்கு 100 ரூபாய் மானியம், மாதாந்திர மின் கணக்கீடு, கல்விக் கடன் தள்ளுபடி ஆகியவையும் அந்த நூறு நாட்களில் வரவில்லை. கடன் நிலவரம் தேர்தலுக்கு முன்பும் பெருமளவு தெரிந்ததுதான் என்பதால், வெள்ளை அறிக்கையை விளக்கமாக ஏற்கலாமே தவிர முழுச் சமாதானமாக ஏற்க முடியாது.

1967-லேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசி வந்த அண்ணாவின் அரசு, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில்தான் தொடங்க முடிந்தது.

குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற பெரிய வாக்குறுதி 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டு நான்கு மாதம் கழித்து. தேர்தல் மேடையில் குடும்பத் தலைவிகள் என்றிருந்தது, நடைமுறைக்கு வரும்போது 'தகுதியுள்ள' குடும்பத் தலைவிகள் என்றானது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மிகாத மின்சாரம் என்று நிபந்தனைகள் வந்தன. தொடக்கத்தில் 1.06 கோடிப் பெண்கள் பயன்பெற்றார்கள். அது சிறிய விஷயமல்ல. ஆனால் 2.5 லட்சம் என்பது மாதத்துக்கு சுமார் 20,800 ரூபாய். தந்தை பெட்டிக்கடை வைத்து, மகள் தொழிற்சாலையில் வேலை பார்த்தால் இருவர் வருமானமும் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். மகள் வேலைக்குப் போனதால் தாய்க்கு உரிமைத் தொகை இல்லை என்ற நிலை அப்போது வரும்.

அதிகாரம் யாரிடம் என்று பார்க்க வேண்டியவை

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்ப்போம் என்ற வாக்குறுதி நம் சமுதாயம் உன்னிப்பாகக் கவனித்த ஒன்று. 2021 செப்டம்பர் 8 அன்று அதை ரத்து செய்யக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் போராட்டங்களில் போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வழக்கைத் திரும்பப் பெறுவதில் மாநில அரசு தானே முடிவெடுக்க முடியும், அதைச் செய்தது. குடியுரிமை மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. தீர்மானம் மாநிலத்தின் குரல்தான், 2024 மார்ச் 11 அன்று அந்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்படுவதை அது தடுக்கவில்லை. நீட் விலக்கு மசோதாவும் அப்படியே. செப்டம்பர் 13 அன்று நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமலே போனது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, தன் கையில் இல்லாததைத் தன் கையில் இருப்பதுபோல் மேடையில் சொன்னார்களா என்பதுதான்.

தொழில் நிறுவனங்களில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என்பதும் 2021 அறிக்கையில் இருந்தது. ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்த இளைஞரிடமும் கேட்டுப் பார்க்கலாம், இதைவிட அவருக்கு நெருக்கமான வாக்குறுதி வேறில்லை. ஆனால் சட்டம் வரவில்லை. ஹரியானா இதேபோல் 75 சதவீதச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். தனியார் தொழிற்சாலை வாசலில் அது செல்லாது. அந்த இடஒதுக்கீடு வந்தது 2007 செப்டம்பரில், அப்போதைய திமுக அரசு பதவியேற்று ஓராண்டுக்கு மேல் கழித்து. நூறாம் நாளில் கணக்கை மூடியிருந்தால் அதைத் 'தோல்வி' என்றே எழுதியிருப்போம்.

பட்டியலில் இல்லாதவை

அரசின் குணம் அதிகம் வெளிப்படுவது வாக்குறுதிப் பட்டியலுக்கு வெளியேதான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் இரவோடு இரவாக சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. இந்தப் பகுதியில் பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் குடும்பத்துக்கு முதல் நாளின் ஐந்து கையெழுத்துகளையும்விட இந்தக் கட்டடம் முக்கியமானது.

எதிர்த்திசையிலும் நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, விரும்புவோருக்கு மட்டுமே என்று அரசு விளக்கியது. மேற்பார்வையாளர் கேட்கும்போது 'எனக்கு விருப்பமில்லை' என்று எந்த ஒப்பந்தத் தொழிலாளி சொல்ல முடியும்? பன்னிரண்டு மணி வேலையோடு கம்பெனி பஸ்சில் போகவர மூன்று மணி நேரம் சேர்ந்தால் தூங்கவும் தொழவும் சமைக்கவும் மிஞ்சுவது ஒன்பது மணி. கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகளும் விசிகவும், ஸ்ரீபெரும்புதூர் தொகுதி உறுப்பினர் கு. செல்வப்பெருந்தகை சார்ந்த காங்கிரசும் எதிர்த்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. பின்வாங்கியது நல்லதே. ஆனால் அப்படியொரு மசோதா எப்படி சட்டமன்றம் வரை வந்தது என்ற கேள்வியும் அரசின் கணக்கில்தான் ஏற வேண்டும்.

2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தைப் பதிவு செய்வது மாநிலத் தொழிலாளர் துறையின் வேலை. டெல்லியைக் காரணம் சொல்ல முடியாது. போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள், அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி இறுதியில்தான் சங்கம் பதிவானது.

வீட்டிலிருந்தே சரிபார்க்க

இனி எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தேர்தல் அறிக்கையை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். உங்கள் குடும்பத்தைத் தொடும் ஐந்தாறு வாக்குறுதிகளைக் குறித்துக்கொண்டால் போதும், ஐந்நூறும் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் அரசாணை வந்ததா, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்பட்டதா என்று பாருங்கள். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. பத்திரிகை விளம்பரத்தைவிட அது நம்பகமானது. மேலும் தகவல் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மகள் தங்கியிருக்கும் தனியார் விடுதி, 2014-ம் ஆண்டின் பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற இரண்டு கேள்விகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதில் தொடங்கலாம்.