பட்டியலின் கடைசி வரி: கால்கரி 1988

எங்கள் சாந்திபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். தெலுங்கில் அதனையே 'மஞ்சு' என்கிறோம். இமயச் சரிவில் இடுப்பளவு உறைந்து கிடப்பதற்கும் இவ்விரு மொழிகளிலும் இதே சொற்கள்தாம். இத்தகைய ஊரிலிருந்து பனிச்சறுக்கைப் பற்றி எழுதத் தூண்டியதும் ஒரு சொல்லே: 'முதல்'.

இந்தியப் பெண்களின் பனிச்சறுக்கு வரலாற்றைத் தேடுவோர் மூன்று 'முதல்'களைக் காண்பர். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் சைலஜா குமார், 1988. தகுதி பெற்று ஆல்பைன் பனிச்சறுக்கில் இறங்கிய முதல் பெண் எனப்படுபவர் நேஹா அஹுஜா, 2006. பன்னாட்டுப் போட்டியில் பதக்கம் வென்ற முதல்வர் ஆஞ்சல் தாக்கூர், 2018. முதலுக்குப் பின் இரண்டு வருவதுதான் எண்ணின் இயல்பு. இங்கோ முதலுக்குப் பின் மீண்டும் முதலே வருகிறது; அடைமொழி மட்டும் மாறுகிறது. இடையிலுள்ள பதினெட்டு ஆண்டுகளையும் பன்னிரண்டு ஆண்டுகளையும் அந்த அடைமொழிகள் மறைத்து நிற்கின்றன.

மூவரையும் இணைப்பது ஸ்லாலம். நார்வே மொழியில் சரிவையும் தடத்தையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு அது. 'சாய்தடம்' என்று தமிழாக்கலாம். சரிவில் நெருக்கமாக நட்ட கம்பங்களே வாயில்கள். அவற்றின் ஊடே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு வாயில் தவறினாலும் ஆட்டம் முடிந்தது. ஒரே நாளில், வேறுவேறாக அமைக்கப்பட்ட தடங்களில் இரண்டு முறை இறங்கி, இரு நேரங்களையும் கூட்டுவர். ஆகவே இவ்விளையாட்டில் வேகத்திற்கு முன் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: கீழே வந்து சேர்ந்தீரா?

1988 பிப்ரவரியில் கால்கரி ஒலிம்பிக்கின் பெண்கள் ஸ்லாலம் நாகிஸ்கா மலையில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் வ்ரேனி ஷ்னைடர் 1 நிமிடம் 36.69 விநாடியில் தங்கம் வென்றார். யூகோஸ்லாவியாவின் மாதெயா ஸ்வெட் 1.68 விநாடி பிந்தி இரண்டாமிடம் பெற்றார். நூறில் ஒரு பங்கு விநாடியை எண்ணும் விளையாட்டில் இஃது ஒரு பெரும் இடைவெளி. பட்டியலின் கடைசி வரியில், 28ஆம் இடத்தில், சைலஜா குமார் நிற்கிறார். 'கடைசியாக வந்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் விழுந்தோரும் வாயில் தவறியோரும் அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர்களுள் இவரினும் பன்மடங்கு பயிற்சியும் பனியும் வாய்த்த நாட்டினர் பலர் உண்டு. இரு தடங்களையும் முழுமையாக முடித்தவர்களின் பட்டியலில் கடைசி என்பதே சரியான வாசிப்பு. (சைலஜா என்றால் மலையில் பிறந்தவள். பெயர்ப்பொருத்தம் ஆய்வுச் சான்றாகாது என்பதை அறிவேன். சொல்லாமல் விட மனமில்லை.)

அடுத்த பருவமான 1988–89இல் ஷ்னைடர் உலகக் கோப்பையின் ஏழு ஸ்லாலங்களையும் வென்றார். அப்பருவத்தில் அவருடைய மொத்த வெற்றிகள் 14. மிக்கேலா ஷிஃப்ரின் 2018–19இல் 17 வென்று முறியடிக்கும்வரை முப்பதாண்டுகள் அச்சாதனை நின்றது. அக்காலத்தில் முதலிடத்திற்கு 25 புள்ளிகள். பதினைந்தாம் இடத்தோடு புள்ளிகள் தீர்ந்துவிடும். அதாவது பருவப் பட்டியல் பதினாறாமவரை நினைவில் வைப்பதில்லை. ஒலிம்பிக் முடிவுத்தாள் கடைசி ஆள்வரை எழுதுகிறது. இந்தியப் பெண்ணொருத்தியின் பெயர் நமக்கு எஞ்சியிருப்பது அவர் அடைந்த இடத்தால் மட்டுமன்று, அந்தத் தாள் எழுதப்பட்ட முறையாலும்தான்.

'தகுதி பெற்ற முதல்' என்னும் அடைமொழியில் எனக்கு உடன்பாடில்லை. நேஹா அஹுஜாவின் உழைப்பைக் குறைப்பது என் நோக்கமன்று. கால்கரியில் பனித்தாவலில் கடைசியாக வந்து புகழ்பெற்ற பிரித்தானியர் எடி எட்வர்ட்ஸ் போன்றோருக்குப் பிறகுதான் ஒலிம்பிக்கின் நுழைவு விதிகள் இறுகின. பின்னர் வந்த அளவுகோலால் முன்னர் வந்தவரை அளந்து, அவர் 'தகுதி பெறாமல்' போனவர் என்ற பொருள் தொனிக்கும்படி எழுதுவது காலமுரண். இலக்கண நூல் தோன்றுமுன் பேசியவர்களைப் பிழையாகப் பேசியோர் என்பதற்கு ஒப்பானது அது.

மணாலியை அடுத்த புருவா கிராமத்தைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியின் எர்சுரூமில் ஸ்லாலம் வெண்கலம் வென்றபோது, பிரதமர் முதலாகப் பலரும் வாழ்த்தினர். செய்திகளில் 'வரலாற்றில் முதன்முறை' என்ற தொடர் ஓயாமல் வந்தது. அதே ஸ்லாலத்தில், அதற்குச் சரியாக முப்பதாண்டுகளுக்கு முன் ஓர் இந்தியப் பெண் இறங்கியிருந்தார் என்ற செய்தி என் கண்ணில் பட்ட எந்த அறிக்கையிலும் இல்லை. இரண்டு நிகழ்வுகளையும் ஒரே பத்தியில் வைத்திருந்தால், வாசிப்பவர் 'இடையில் யார் இருந்தார்கள்?' என்று கேட்டிருப்பார்.

குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கல்வி நிறுவனம் 1968 முதல் இயங்குகிறது. ஔலியிலும் சோலாங்கிலும் குளிர்காலந்தோறும் பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் யாரேனும் அங்கு நடந்த போட்டிகளின் முடிவுத்தாள்களைத் தொகுக்க முன்வந்தால், 1989இலிருந்து தொடங்கலாம். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள்.