தொழிலும் புற்றுநோயும்

உடலுழைப்பே பொருளாக உடையவனுக்கு உடலைப் பேணுதலினும் சிறந்த சேமிப்பு வேறில்லை. நிலமுடையான் ஒரு போகம் தவறினால் மறு போகத்தை எதிர்நோக்குவான். உழைப்பாளியோ நோயில் வீழ்ந்த அன்றே அவன் குடும்பம் முழுவதும் வீழ்கின்றது. நம் குலத்தாருள் பலர் ஏரையும் நிலத்தையும் விட்டு ஆலைக்கும் பட்டறைக்கும் செல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆதலின், தொழிலிடத்து இரசாயனப் பொருள்களால் விளையும் புற்றுநோயைப் பற்றியும், அவ்வபாயத்தை அளந்து கூறும் வழியை உலகம் எவ்வாறு கற்றது என்பதைப் பற்றியும் இம்மாதம் ஆராயப் புகுகின்றோம்.

ரமணாசிரமத்தைச் சூழ்ந்த வீதிகளில் வாழும் நமக்குப் புற்றுநோய் என்னும் சொல் புதியதன்று. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் ரமண மகரிஷியின் இடக்கை முழங்கையருகே சிறு கட்டியொன்று தோன்றிற்று. அது சார்க்கோமா என்னும் கொடிய வகையெனப் பின்னர்த் தெரிந்தது. 1949-ஆம் ஆண்டில் நான்கு முறை சத்திர சிகிச்சை நடந்தது. கையையே நீக்கிவிடலாமென்று மருத்துவர் கூறியதை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவர் உடல் நீத்தார். இவருக்கு இந்நோய் வருவானேன் என்று வருந்தாத அடியவர் இல்லை. அவ்வினாவுக்கு வைத்திய நூல் அன்றும் விடை கூறவில்லை, இன்றும் கூறவில்லை. தனி ஒருவர்க்குப் புற்றுநோய் இன்ன காரணத்தால் வந்ததென்று துணிந்து சொல்லுதல் பெரும்பாலும் இயலாத காரியம். ஆனால் ஒரே தொழிலில் ஈடுபட்ட ஆயிரம் பேரை ஒருங்கே வைத்து எண்ணினால், ஒருவரிடத்துக் காணப்படாத உண்மை கூட்டத்திடத்து வெளிப்படும். தொழிற்பிணி ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல் எழுந்ததே.

இதற்கு வித்திட்டவர் லண்டனில் வாழ்ந்த பெர்சிவல் பாட் என்னும் சத்திர வைத்தியர். புகைபோக்கிகளைத் துடைக்கும் தொழிலாளர்க்கு விதைப்பையின் தோலில் புற்று உண்டாவதைக் கண்டு, அதற்குக் காரணம் கரியே என்று 1775-இல் அவர் எழுதினார். 1895-இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்பார், சாயப் பொருள் செய்யும் ஆலையாட்களிடத்துச் சிறுநீர்ப்பைப் புற்று காணப்படுவதை எடுத்துக் காட்டினார். 1915-இல் ஜப்பானியராகிய யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். இன்ன பொருளால் புற்று வரும் என்பது இவ்வாறு நிலைபெற்றது. எவ்வளவு பட்டால் எத்தனை பேருக்கு வரும் என்னும் கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

அக்கேள்வியின் வரலாற்றை நமக்கு அணித்தான ஒரு பொருளைக் கொண்டே விளக்குவோம். முன்னாளில் நம் நாட்டில் தோலை ஆவாரம் பட்டையால் பதனிட்டு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் குரோமியத்தால் தோல் பதனிடும் முறையைப் பரப்ப முயன்றார். நாளடைவில் பாலாற்றங்கரை ஊர்களில் அம்முறை வேரூன்றிற்று. ஈண்டு ஒரு வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். தோலிற் சேரும் குரோமிய உப்பு மூன்று இணைதிறன் உடையது. அது புற்றுநோய் விளைப்பதாக நிறுவப்படவில்லை. அவ்வுப்பைச் செய்வதற்கு மூலப்பொருளாகிய பைக்ரோமேட்டு ஆறு இணைதிறன் உடையது. கொடுமை செய்வது இதுவே. மேனாட்டு ஆலைகளில் இதன் தூளையும் ஆவியையும் சுவாசித்தவர்க்கு மூக்கின் நடுத்தண்டு துளைபட்டது. கையிற் பட்டால் ஆறாத புண் உண்டாயிற்று.

1827-இலேயே கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் கியூமின் இப்புண்ணை விவரித்தார். 1890-இல் அந்நகரிலேயே நியூமன் என்பார் குரோமிய வர்ணம் செய்த தொழிலாளி ஒருவனது மூக்கில் புற்றைக் கண்டெழுதினார். 1936-இல் ஜெர்மனி, குரோமேட்டுத் தொழிலாளரின் நுரையீரற் புற்றை நஷ்ட ஈட்டுக்குரிய தொழிற்பிணியாக ஏற்றுக்கொண்டது. 1948-இல் மேக்கில், கிரிகோரியஸ் என்னும் இருவர் அமெரிக்கக் குரோமேட்டு ஆலைகளின் மரணக் கணக்கை ஆராய்ந்தனர். இறந்த 193 பேரில் 42 பேர் சுவாச உறுப்புகளின் புற்றால் மாண்டிருந்தனர். ஐவரில் ஒருவருக்கு மேல்! மற்றத் தொழிலாளரிடத்து அது நூற்றுக்கு ஒன்றிரண்டே.

எனினும் இவ்வெண்கள் ஆலைக்காற்றில் எவ்வளவு விஷம் இருந்தது என்பதைக் கூறவில்லை. அக்குறையை நீக்கியது பால்டிமோர் நகரத்து ஆலை ஒன்றின் ஏடு. அங்கே 1950 முதல் 1974 வரை வேலைக்குச் சேர்ந்த 2,357 பேரின் பெயரும், எவரெவர் எந்தப் பகுதியில் எத்தனை நாள் வேலை செய்தனர் என்பதும் பதிவாகியிருந்தன. ஆலைக்காற்றைச் சோதித்த ஏறத்தாழ 70,000 அளவைகளும் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்த முடிவு 2000-இல் வெளிவந்தது. நுரையீரற் புற்றால் இறந்தோர் 122 பேர். அதே வயதுடைய பொதுமக்களின் விகிதப்படி இறந்திருக்க வேண்டியவர் சுமார் 68 பேரே.

கணக்கிடும் முறை கடினமானதன்று. காற்றிலுள்ள அளவை வேலை செய்த ஆண்டுகளாற் பெருக்கினால் ஒருவன் ஏற்ற மொத்தச் சுமை கிடைக்கும். கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் உள்ள காற்றில் பத்தாண்டு உழைத்தவனும், 20 மைக்ரோகிராம் உள்ள காற்றில் இருபத்தைந்தாண்டு உழைத்தவனும் ஒரே சுமையைத் தாங்கியவராவர். சுமை ஏற ஏற மரணம் எவ்வளவு ஏறுகின்றது என்று பார்த்து, அவ்வேற்றத்தைக் கொண்டு மற்ற அளவுகளுக்கும் மதிப்பிடுவர். அமெரிக்க அரசு 2006-இல் இவ்வாறே மதிப்பிட்டது. பழைய வரம்பாகிய 52 மைக்ரோகிராமில் 45 ஆண்டு உழைக்கும் ஆயிரம் பேரில் 101 முதல் 351 பேர் வரை மிகையாக நுரையீரற் புற்றால் மாள்வர் என்று கண்டு, வரம்பை 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதிலும் 10 முதல் 45 பேர் வரை மாள்வர் என்று மறையாமல் கூறியது. நம் நாட்டிலோ, போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திற் சேர்ந்த அட்டவணை குரோமேட்டுகளுக்கு 50 மைக்ரோகிராமை வரம்பாக வைத்தது. அமெரிக்கா கைவிட்ட பழைய வரம்புக்கு இது ஏறக்குறைய ஒப்பானது என்பதை வாசகரே காண்க.

இக்கணக்கில் வழுவும் இடங்கள் உண்டு. புகை பிடிப்போர் மிகுந்திருந்தால் பழி ஆலையின்மேற் போகலாம். திடமானவரே வேலைக்கு எடுக்கப்படுதலால், பொதுமக்களோடு ஒப்பிடுகையில் தீங்கு குறைவாகத் தோன்றவும் கூடும். இருபது, முப்பது ஆண்டு கழித்தே நோய் தலைகாட்டுமாதலால், இன்று நலமாயிருத்தல் நாளைக்கு உறுதியாகாது. ஆயினும் இவையாவும் ஏடு இருக்கும் இடத்து எழும் ஐயங்களே. ஏடே இல்லாத இடத்தில் ஐயமும் இல்லை, விடையும் இல்லை.

அவ்விடத்தைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து போளூர், ஆரணி, ஆற்காடு வழியே சென்றால் இராணிப்பேட்டை. ஒரு காலத்தில் அதுவும் நம் ஊரும் வட ஆற்காடு என்னும் ஒரே ஜில்லாவில் இருந்தன. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970-களின் நடுவில் தோன்றி, பைக்ரோமேட்டு முதலியவற்றைச் செய்து, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. 2006-இல் அமெரிக்காவிலுள்ள பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மாசுபட்ட பத்து இடங்களுள் ஒன்றாக இராணிப்பேட்டையைக் குறித்தது. கழிவைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் ஆராய்ச்சிகள் பல வந்துள்ளன. கழிவு மலைபோற் கண்முன் நிற்பதால் அதனை அளத்தல் எளிது. ஆலையில் மூட்டை சுமந்தவன் வேலை முடிந்ததும் தன் ஊர் சேர்ந்துவிடுகின்றான். முப்பதாண்டு கழித்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் அவன் இருமி இறந்தால், அம்மரணத்தை ஆலையோடு இணைக்கும் கயிறு எங்கே?

1996-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் ஆலைகளால் நிலமும் நீரும் கெட்டதை ஆராய்ந்து, தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோனையே சாரும் என்று கூறியது. இது பெருந்தீர்ப்பே. புற்றுநோயைப் பொறுத்தவரை, 1982 முதல் சென்னையில் நோயாளர் பதிவேடு நடந்து வருகின்றது. பொதுமக்களிடத்து இந்நோய் எவ்வளவு என்பதை அது காட்டும். ஆனால் அதற்கு எதிரே வைத்து ஒப்பிடுதற்குத் தொழிலாளர் ஏடு வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே வந்து போகும் கூலியாளின் பெயர் எந்த ஏட்டிலும் நிலைப்பதில்லை.

இங்கேதான் நம்போன்ற சங்கங்களுக்குப் பணி இருக்கின்றது. திருமணத்தையும் பிறப்பையும் இறப்பையும் பதிந்து வைப்பது சங்கங்களின் பழைய வழக்கம். அவ்வேட்டில் மேலும் நான்கு கட்டங்களைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? செய்த தொழில், தொழிலிடம், சேர்ந்த ஆண்டும் நின்ற ஆண்டும், கையாண்ட பொருள் என்பவையே அவை. இறப்பைப் பதியுமிடத்து மருத்துவர் கூறிய காரணத்தையும் எழுதுக. இராணிப்பேட்டைக்குச் சென்றவரை மட்டுமன்று, கல்லுடைப்போரையும் சிற்பிகளையும் எழுதுக. கல்தூளிலுள்ள சிலிக்காவும் புற்றுநோய் விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-இல் முடிவு செய்துள்ளது. வர்ணம் அடிப்போரையும் சாயம் தோய்ப்போரையும் விட்டுவிடலாகாது. தொழிலுக்குச் செல்லும் இளைஞர் தம் வேலைச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் கிழித்தெறியாமல் பெட்டியில் வைத்திருக்கக் கடவர்.

ஒரு சங்கத்தின் ஏடு மட்டும் பால்டிமோர் ஏட்டுக்கு ஈடாகாது. காற்றை அளக்கும் கடமை ஆலைக்கும் அரசுக்கும் உரியது. ஆயினும் எண்ணப்படாதவன் இறந்தால் அவன் மரணம் விதியென்று போகும். எண்ணப்பட்டவன் இறந்தால் அது சாட்சியாகி, அவனுக்குப் பின் அவ்வேலைக்குச் செல்வோரைக் காக்கும். வரும் மகாசபைக் கூட்டத்தில் இதனை அன்பர்கள் ஆலோசித்து ஆவன செய்வார்களென நம்புகின்றோம்.