தூத்துக்குடித் தோணி: பாயிலிருந்து எந்திரத்துக்கு

தூத்துக்குடித் தோணி மன்னார் வளைகுடாவில் பாய்விரித்து ஓடிய சரக்கு மரக்கலம். தென்காசியும் குற்றாலமும் அடங்கிய பழைய திருநெல்வேலிச் சீமைக்குத் தூத்துக்குடியே முதன்மையான கடல்வாசல். 1876இல் தூத்துக்குடிக்கும், 1904இல் தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கும் இரயில் பாதை இணைந்தபின், மலையடிவாரச் சரக்கு நேரே துறைமுகம் வந்துசேர வழி பிறந்தது.

ஆனால் கரையோரக் கடலுக்கு ஆழம் போதவில்லை. நீராவிக் கப்பல்கள் பல மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே பருத்தி மூட்டைகளைச் சுமந்தவை தோணிகள்தாம். கொழும்புக்கும் அவை பாயின் பலத்திலேயே சென்றுவந்தன.

தோணி கட்டுபவர் ஓடாவி. அவர் முதலில் அடிமரமான ஏராக்கட்டையைக் கிடத்துவார். இயல்பாகவே வளைந்த கிளைகளைத் தேர்ந்து வங்குகளாக (விலாக்கட்டைகளாக) நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிப்பார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் செருகி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பூசி அடைப்பதே கலப்பத்து. மரக்கலத்தின் ஆயுள் இந்த வேலையில்தான் இருக்கிறது.

பழுதுபார்ப்பதற்கும் பருவம் உண்டு. குற்றாலத்தில் சாரல் பொழியும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும். மாலத்தீவு, இலட்சத்தீவுப் பயணங்கள் நிற்கும். அப்போது தோணியைக் கரையேற்றி, உளுத்த பலகையை மாற்றி, பழைய பஞ்சைப் பிடுங்கிப் புதிதாகக் கலப்பத்துப் பார்ப்பார்கள்.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. பெரிய கப்பல்கள் தளத்திலேயே அணைந்ததால் தோணிகளின் கரைச்சுமை வேலை குறைந்தது. நெடும்பயணத்தை நம்பிய தோணிகளில் டீசல் எந்திரம் ஏறியது. அது வெறும் எந்திரம் பொருத்தும் வேலையாக முடியவில்லை. எந்திரத்தைத் தாங்க ஏராவின்மேல் கனமான கட்டைகள் வேண்டியிருந்தன. சுழலித் தண்டுக்காகப் பின்கட்டையைத் துளைக்க வேண்டியிருந்தது. சுழலிக்கு இடம்விடும்படி சுக்கானும் மாறியது. எந்திர அதிர்வு பலகைப் பொருத்துகளைத் தளர்த்துவதால் கலப்பத்தில் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. பாய் துணைச்சக்தியாக ஒதுங்கியது.

பாய்மரக்கலம் எந்திரக்கலமாக மாறியும் தோணியின் உடல் ஓடாவியின் கைவேலையாகவே நீடித்தது. அந்த அளவுகளும் முறைகளும் பெரும்பாலும் கைவழியாகவும் வாய்வழியாகவும் வந்தவை. எஞ்சியிருக்கும் தோணிகளை முறையாக அளந்து வரைபடமாக்குவதும், மூத்த ஓடாவிகளின் தொழிலறிவைப் பதிவுசெய்வதும் தமிழகக் கடல் வரலாற்றுக்கு உடனே செய்யவேண்டிய பணி.