அஞ்சலில் வந்த கணிப்பொறி

வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து உங்கள் கணிப்பொறிக்கு ஒரு நினைவகப் பலகையை இணையவழி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விற்பவரை நீங்கள் பார்த்ததில்லை. பொருளைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. ஆயினும் அது சரியாகப் பொருந்தும் என்று நம்பிப் பணம் செலுத்துகிறீர்கள். இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது? விடை காண நாம் 1975ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரியில், அமெரிக்காவின் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' மாத இதழ் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறியின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய 'மிட்ஸ்' நிறுவனம் அதன் உறுப்புகளை அஞ்சல்வழி விற்றது. விலை 397 டாலர். உறுப்புகளைப் பற்றவைத்துப் பூட்டுவது வாங்குபவரின் வேலை. அதிலுள்ள இன்டெல் 8080 நுண்செயலியைத் தனியாக வாங்கினாலே 360 டாலர்! மிட்ஸ் அதை மொத்தக் கொள்முதலில் ஒன்று 75 டாலர் வீதம் பெற்றதே இதன் இரகசியம்.

இதழுக்கு அனுப்பப்பட்ட முதற்கருவி வழியிலேயே தொலைந்துபோயிற்று. அட்டையில் இடம்பெற்றதோ உள்ளே ஒன்றுமில்லாத மாதிரிப் பெட்டி! அதை நம்பித்தான் வாசகர்கள் பணம் அனுப்பினர். சில நூறு பேர் வாங்கினாலே போதும் என்றிருந்த மிட்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கேட்புகள் குவிந்தன. பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

வந்து சேர்ந்த கருவியின் நினைவகம் 256 பைட்டுகளே. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்று கொண்டால், அதில் 256 எழுத்துகளே அடங்கும். கூடுதல் நினைவகம் வேண்டியிருந்தது. மிட்ஸ் விற்ற 4,096 பைட்டுப் பலகைகளோ அடிக்கடி பழுதாயின.

இங்கேதான் ஆல்டேரின் அமைப்பு கைகொடுத்தது. அதன் பலகைகள் 100 முனைகள் கொண்ட பொருத்துவாய்களில் செருகப்பட்டன. எந்த முனையில் தகவல், எந்த முனையில் முகவரி, எந்த முனையில் மின்சாரம் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு முனையில் ஏறத்தாழ 8 வோல்ட் வரும். ஒவ்வொரு பலகையும் அதைத் தானே 5 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். இந்த அட்டவணையை அறிந்த எவரும் பலகை செய்யலாம் அல்லவா? கலிபோர்னியாவின் 'பிராசசர் டெக்னாலஜி' அவ்வாறே நினைவகப் பலகைகளைச் செய்து விற்றது. 1975 ஜூலையில் டிக் ஹைசர் லாஸ் ஏஞ்சல்ஸில் கணிப்பொறிக் கடை ஒன்றைத் திறந்தார். ஐயம் எழுந்தால் நேரில் கேட்க ஓர் இடம் கிடைத்தது. 'எஸ்-100' எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பு, 1983இல் ஐஇஇஇ 696 என்னும் தரமாயிற்று.

இன்றைய நினைவகப் பலகைகளும் இவ்வழி வந்தவையே. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் மேசைக் கணிப்பொறியில் 288 முனைகள்தாம். ஆனால் முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட். மாற்றிச் செருகிவிடாதபடி, அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது.

ஆக, 'பொருந்துமா?' என்ற கேள்விக்குத் தரம் விடை சொல்லிவிடுகிறது. 'பழுதானால் யார் மாற்றித் தருவார்?' என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. எனவே கடல் கடந்த கடையின் விலையை உள்ளூர் விலையோடு ஒப்பிடும்போது, அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் மட்டுமன்றித் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.